தேங்காய்ப்பாலும் நடுங்கும்

வால் கிடைத்துவிட்டதடி. தம்பி மகள் தன் காலேஜ் புத்தகத்தில் நேற்று காட்டினாள். எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் எடுத்த படம். கிருமியின் உடம்பிலிருந்து நீளமாக ஓர் இழை. அது தொடங்கும் இடத்தில் வளைந்த கொக்கி. அதற்குக் கீழே ஒரு தண்டு, தண்டைச் சுற்றி வளையங்கள். இழை சுழன்று சுழன்று கிருமியைத் தள்ளுமாம். "மோட்டார் மாதிரி, அத்தை" என்றாள். "அதெல்லாம் எங்களுக்கு அப்பவே தெரியும் லா" என்று புளுகிவிட்டேன். தெரிந்தவள் நீ. உனக்கும் பாதிதான் தெரியும்.

ஜப்பான்காரன் நம் தீவைப் பிடித்து ஆண்ட காலத்தில் ஜார்ஜ் டவுனில் ஒரே ஆஸ்பத்திரியில்தான் இருந்தோம். நான் வார்டில், நீ பரிசோதனைக் கூடத்தில். உன் பழைய பித்தளை நுண்ணோக்கியில் கிருமி தெரியும், வால் தெரியாது. "வாலை எவ பாத்தா? ஓடுறதைத்தான் பாத்தோம்" என்பாய். கிருமி வளர்க்கும் சரக்கு கப்பலில் வருவது நின்றதும், பசாரில் இனிப்புக்குப் போடும் அகார்-அகார் கடற்பாசியை வாங்கிக் காய்ச்சினாய். பலகாரம் செய்கிறாள் என்று வார்டே சிரித்தது.

அப்போதுதான் எங்கள் வீட்டுக் கடைக்குட்டிக்கு, என் தம்பிக்கு, வயிற்றுப்போக்கு. கண் உள்ளே போய்விட்டது. நாங்கள் குடியிருந்த ஜெலுத்தோங்கில் எங்கள் வீட்டு வரிசையில் ஒருவருக்குக் காலரா என்று சொல்லி, வீட்டைக் கயிறு கட்டி அடைத்து, ஆளை லாரியில் ஏற்றிப் போயிருந்தார்கள். அவர் திரும்பவில்லை. தம்பிக்கும் காலரா என்று நீ எழுதினால் அதே லாரிதான். அம்மாவைக்கூட ஏறவிட மாட்டார்கள்.

அவன் மலத்திலிருந்து வளர்த்த கிருமியை ஒரு துளித் தண்ணீரில் விட்டுப் பார்த்தாய். காலராக் கிருமி என்றால் வாலடித்துக் குறுக்கே பாயும். பொறுக்க முடியாமல் உன்னைத் தள்ளிவிட்டு நான் கண்ணை வைத்தேன். எல்லாம் துடித்துக்கொண்டிருந்தன.

"ஐயோ, ஓடுதுடி!"

"ஓடல. நடுங்குது."

"எனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு?"

என் சாப்பாட்டு டின்னைத் திறந்து, மரவள்ளிக்கிழங்கின் மேல் கிடந்த தேங்காய்ப்பாலைக் குச்சியால் தொட்டு, தண்ணீரில் கலக்கி, அதில் ஒரு துளியை லென்சுக்கு அடியில் வைத்தாய். பார்த்தேன். பாலின் குட்டிக் குட்டி உருண்டைகளும் அப்படியே துடித்தன.

"இதுக்கு உசுரு இருக்கா? வால் இருக்கா? தண்ணியில இத்தனூண்டு எது கிடந்தாலும் நடுங்கும். நடுங்குறது வேற, நகர்றது வேற. இது வாலில்லாதது, சீதபேதிக் கிருமி. அழுதது போதும், போய் உப்புக் கஞ்சி குடு."

காலரா இல்லை என்று எழுதி நீ கையெழுத்துப் போடும்போது ஜப்பானிய அதிகாரி பக்கத்திலேயே நின்றான். தப்பாக இருந்தால் என்ன ஆகும் என்று வாயால் சொல்லவில்லை. விரலால் கழுத்தைக் கோடிட்டுக் காட்டினான். நீ எழுதியதை மாற்றவில்லை. அவன் போன பிறகுதான் பார்த்தேன், பேனா உன் கையில் கிடுகிடுவென்று ஆடிக்கொண்டிருந்தது.

"என்னடி இது?"

"தேங்காய்ப்பால்" என்றாய்.

தம்பி பிழைத்தான். நேற்று அவன் மகள் படத்தில் விரலை வைத்து, "நீங்க பாத்த கிருமிக்கு இந்த வால் இருந்துச்சா, அத்தை?" என்று கேட்டாள்.

"இல்ல. இருந்திருந்தா நீ இல்ல" என்றேன்.

இப்போதெல்லாம் கோப்பிக் குவளையைத் தூக்கினால் எனக்குக் கை ஆடுகிறது. டாக்டரிடம் போவோமா என்று பதறுகிறாள். "ஒண்ணுமில்ல, தேங்காய்ப்பால்" என்கிறேன். அவள் விழிக்கிறாள். சிரிக்க வேண்டியவள் நீயல்லவா? போய்விட்டாயே, பாவி.