ஸ்கீக்கு என் பாரம் போதவில்லை

சொல்லாமல் எழும்பிப் போன என் அன்பு அப்பாவுக்கு,

இந்த வருடமும் ஷ்வார்ஸ்வால்ட் மலைக்கு வந்திருக்கிறேன். பல்கலைக்கழகப் பனிச்சறுக்கு அணியின் குளிர்காலப் பயிற்சி முகாம். அதே மர விடுதி, அதே சீஸ் ஊற்றிய நூடில்ஸ். நீங்கள் இல்லாத முதல் முகாம். நாளைக் காலை காட்டுப் பாதையில் ஓடவிட்டுப் பார்த்து, அஞ்சலோட்டத்துக்கு யார் யார் என்று சொல்லிவிடுவார்கள். எனக்கு இடம் கிடைக்காது போலத்தான் இருக்கிறது.

அப்பா, என்னால் ஏற்றம் ஏற முடியவில்லை. சமதரையில் ஓடுகிறேன், இறக்கத்திலும் போய்விடுகிறேன். மேடு வந்ததும் காலில் மாட்டிய ஸ்கீ பனியைப் பிடிக்காமல் பின்னால் வழுக்குகிறது. நேற்றுப் பனிக்குள் குப்புற விழுந்து கிடந்து, "அப்பா, ஏலாது" என்று தமிழில் கத்தினேன். பின்னால் வந்த என் அறைத்தோழி லேனா, நான் காலை முறித்துக்கொண்டேன் என்று பயந்துவிட்டாள்.

ஸ்கீ வழுக்கினால் மெழுகைத் திட்டுவதுதான் எங்கள் வழக்கம். பாதத்துக்கு நேர் கீழே பூசும் அந்த மெழுகுதான் ஏற்றத்தில் பனியைப் பிடிக்க வேண்டும். நானும் திட்டினேன். ஒன்றைச் சுரண்டி இன்னொன்றைப் பூசினேன், தடிப்பாகப் பூசினேன், லேனாவின் மெழுகையும் வாங்கிப் பூசினேன். ஆடமாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று நீங்கள் சிரித்திருப்பீர்கள்.

இன்று பின்னேரம் பயிற்சியாளர் என்னைக் கூப்பிட்டு, தரையில் வைத்த ஸ்கீயில் ஏறி ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார். அடியில் ஒரு துண்டுக் காகிதத்தைச் செருகினார். ஸ்கீயின் நடு வில்லுப்போல மேலே வளைந்திருக்கும்; முழுப் பாரமும் விழும்போது அது தரையோடு அமுங்கி, காகிதம் இறுகி நிற்க வேண்டும். இழுத்தார். லேசாக வந்துவிட்டது.

"மெழுகில் பிழை இல்லை. இந்த ஸ்கீக்கு உன் பாரம் போதவில்லை. எப்போதிருந்து நீ சாப்பிடுவதில்லை?"

அந்தக் காகிதச் சோதனை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். இந்த ஸ்கீயை வாங்கிய அன்று கடையில் நீங்கள்தான் முழங்காலில் நின்று காகிதத்தை இழுத்தீர்கள். சட்டைப்பையில் கிடந்த தமிழ்க்கடைப் பற்றுச்சீட்டு. கடைக்காரர் தான் செய்வதாகச் சொல்லியும் நீங்கள் விடவில்லை. "அசையுதில்லை பிள்ளை. உனக்கெண்டே செய்தது" என்றீர்கள், ஏதோ நீங்களே அளவு கொடுத்துச் செய்வித்தது போல. இப்போது பயிற்சியாளர், நாளைக்கு அதை விட்டுவிட்டு, குறைந்த பாரத்துக்கும் அமுங்குகிற அணியின் இளக்கமான ஸ்கீ ஒன்றை இரவல் எடுக்கட்டாம். இல்லாவிட்டால் ஓட வேண்டாமாம். மாட்டேன் என்றேன்.

உங்கள் செத்தவீட்டுக்குப் பிறகு எனக்குச் சோறு தொண்டையால் இறங்குவதில்லை. கொலோனில் இருந்து அம்மா ஒவ்வொரு நாளும் போனில் "சாப்பிட்டனியோ?" என்று கேட்கிறா. "ஓம் அம்மா" என்கிறேன். "என்ன சாப்பிட்டனி?" என்றால் அதற்கும் ஏதாவது சொல்லி வைக்கிறேன்.

ஒவ்வொரு முகாமுக்கும் தேசிக்காய் ஊறுகாய் கட்டித் தருவீர்கள். ஹீட்டருக்கு மேல் தட்டு வைத்துத் தேசிக்காய் காயப்போட்ட ஒரே ஆள் ஜெர்மனியில் நீங்களாகத்தான் இருக்கும். "உந்த வெள்ளைச் சாப்பாட்டுக்கு இதுதான் மருந்து" என்பீர்கள். நூடில்ஸோடு ஊறுகாய் தின்னும் என்னை அணி முழுக்கப் பகிடி பண்ணும், பிறகு ஆளுக்கொரு கரண்டி கேட்கும். நீங்கள் கடைசியாகப் போட்ட போத்தல் என் பையில் இருக்கிறது. திறக்கவில்லை. திறந்தால் முடிந்துவிடும். அதற்குப் பிறகு நீங்கள் தந்தது என்று இந்த ஸ்கீதான் மிச்சம். இப்போது அதையும் விடச் சொல்கிறார்கள்.

ஏன் அப்பா இப்படிச் செய்தீர்கள்? நெஞ்சு நோகுது என்று ஒரு சொல் சொன்னால் என்ன? வேலைக்கு லீவு எடுக்கக் கூடாதென்று வாயை மூடிக்கொண்டிருந்தீர்களா? இதையெல்லாம் நான் யாரிடம் கேட்பது?

இவ்வளவும் எழுதியபிறகுதான், நானும் உங்களைப் போல வாயை மூடிக்கொண்டுதானே இருக்கிறேன் என்று பட்டது. எழுதுவதை நிறுத்திவிட்டு இரவுச் சாப்பாட்டு மேசைக்குப் போத்தலைக் கொண்டுபோனேன். மூடி திறபடவில்லை. எதையாவது நீங்கள் அளவாக மூடியிருக்கிறீர்களா? எங்கள் அணியின் பலசாலி லேனா, அவளாலும் முடியவில்லை. பயிற்சியாளர் துணி சுற்றித் திருகிப் பார்த்தார்.

"யார் இதை மூடியது?" என்று லேனா மூச்சு வாங்கக் கேட்டாள்.

"என் அப்பா" என்றேன். அவ்வளவுதான், அழத் தொடங்கிவிட்டேன். உங்கள் கை முறுக்கிய முறுக்கு இன்னும் அந்த மூடியில் இருந்தது, அப்பா. கடைசியில் சுடுதண்ணீருக்குள் பிடித்தோம். டக்கென்று விட்டுவிட்டது. அந்தச் சத்தத்தை என்னால் தாங்க முடியவில்லை.

தட்டோடு வெளியே போய் அம்மாவுக்குப் போன் எடுத்து, சாப்பிடுவதில்லை என்று சொன்னேன். அம்மா, "நானும் இல்லைப் பிள்ளை" என்றா.

"ஒரு பிடி சோறு போட்டுக்கொண்டு வாங்கோ அம்மா. நான் போனை வைக்கேல்லை."

இருவரும் சாப்பிட்டோம். அழுதழுது பாதித்தட்டு.

நாளைக்கு இரவல் ஸ்கீயில் ஓடப் போகிறேன். இடம் கிடைக்குமோ தெரியாது. உங்களுடையதைத் துடைத்து உறையில் போட்டுவிட்டேன். வாக்குத் தருகிறேன் அப்பா, போத்தலின் அடி தெரியும்வரை சாப்பிடுவேன், அம்மாவையும் சாப்பிட வைப்பேன். அடுத்த குளிருக்கு உங்கள் ஸ்கீயில் ஏறி நிற்பேன். அந்தக் காகிதம் அசையாது. இழுத்துப் பார்க்க நீங்கள்தான் இருக்க மாட்டீர்கள்.

பாரம் குறைந்துபோன உங்கள் கடைக்குட்டி,
துளசி