பக்கத்துக் கட்டில் பாப்பா

சசியக்காவுக்கு,

என் ஜைனப் பிழைத்துவிட்டாள். இதை முதலில் உங்களுக்குத்தான் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் எழுத உட்கார்ந்தபோதெல்லாம் கை வரவில்லை.

ஆஸ்பத்திரியில் நம் பிள்ளைகள் இருவரும் அடுத்தடுத்த கட்டிலில் இருமிக்கொண்டு கிடந்தார்கள். எந்த ஊசிக்கும் காய்ச்சல் இறங்கவில்லை. வெளியூருக்கு அனுப்பிய மாதேசின் சளிப் பரிசோதனை முடிவு ஒருவழியாக வந்தபோது, நீங்கள் உயிர் போன அவனைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, உங்கள் ஊர் செம்மநத்தம் போக வண்டிக்குக் காத்திருந்தீர்கள். அவன் நுரையீரலில் இருந்தது பூஞ்சை என்று டாக்டரம்மா தலைகுனிந்து சொன்னார். நானாக இருந்தால் அங்கேயே கத்தி அழுதிருப்பேன். நீங்கள் ஜைனபைக் கைகாட்டினீர்கள்.

"ஏனுங்க டாக்டரம்மா, இந்தப் பாப்பாவுக்கும் இதே இருமல்தானுங்க. இதுக்காச்சும் அந்த மருந்தக் குடுத்துப் பாருங்க."

டாக்டரம்மா ஜைனபின் பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்கவில்லை. அன்றைக்கே மருந்து ஏற்றினார். கொஞ்சம் கொஞ்சமாகக் காய்ச்சல் விட்டது. இப்போது எங்கள் ஊர் ஒண்டிக்கடையில், எங்கள் கடைக்கு யார் வந்தாலும் ஜைனப் ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொள்கிறாள்.

அல்லாவிடம் துஆ கேட்கும்போதெல்லாம் அவள் பெயருக்கு முன்னால் மாதேசின் பெயரைச் சொல்கிறேன், அக்கா.

அவளை உங்களிடம் கூட்டிவர ஆசை. அவளைப் பார்க்க உங்களுக்கு மனம் தாங்காது என்றால் நான் மட்டும் வருகிறேன். நான் எதுவும் பேச மாட்டேன். மாதேசைப் பற்றி நீங்கள் சொல்லுங்கள். எவ்வளவு நேரமானாலும் உட்கார்ந்து கேட்கிறேன்.

உங்களை மறவாத,
பக்கத்துக் கட்டில் பாப்பாவின் அம்மா