சுவர் சுவிட்சைத் தொடாதே

யாழினி,

பத்து மணிக்கு உனக்கு ஆன்லைன் இன்டர்வியூ. கம்ப்யூட்டரை ஆறு மணிக்கே போட்டுவிட்டேன். எழும்ப இருபது நிமிஷம் ஆனது. அணைக்காதே.

நீ கண்டதை ஏற்றித்தான் அது மெதுவானது என்று நேற்றுத் திட்டியது தப்பு. எதிர்வீட்டு வெங்கட் சொன்னார்: "அது முழுசா நிக்கிறதுக்குள்ள சுவர்ல அணைச்சா, மறுநாள் எல்லாத்தையும் சோதிச்சுட்டுத்தான் எழும்பும்ணே." தினமும் படுக்குமுன் எல்லாச் சுவிட்சையும் அணைப்பவன் நான்தானே.

உப்புமா அடுப்பு மேல் இருக்கிறது. சாப்பிட்டுவிட்டு உட்கார்.

கட்டட சைட்டில் பன்னிரண்டு மணிக்குத்தான் போனைத் தொட முடியும். எப்படிப் போனாலும் தமிழில் ஒரு வரி போடு. நானே படித்துக்கொள்வேன்.

அப்பா

அணைத்துவிட்டேனோ என்று லிஃப்டிலிருந்து திரும்பி வந்தேன். இல்லை, ஓடுகிறது. இந்தச் சீட்டைச் சுவிட்சு மேலேயே ஒட்டிவிட்டேன். கிழிக்காதே, படுக்குமுன் நானும் படிக்க வேண்டும்.