ஆட்டுத் தொடையும் மாட்டுத் தீவனமும்

மாப்பிள்ளை,

இன்று காலை உங்கள் வீட்டு எருமைக்கு வாங்கி வந்த தீவன மூட்டையைப் பிரித்தேன். புண்ணாக்கு வாடை மூக்கில் ஏறியதும் கை நின்றுவிட்டது. பழுப்பு நிறத்தில் சின்னச் சின்னக் குச்சிகள். நீங்கள் போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. தீவன மூட்டை இன்னும் என்னை முறைத்துப் பார்க்கிறது.

உங்கள் மகன் அமெரிக்காவிலிருந்து கப்பலில் ஒரு கறி அடுப்பு அனுப்பினானே, படுக்க வைத்த பீப்பாய் போல. பக்கத்துப் பெட்டியில் மரத்தூளை இறுக்கிச் செய்த குச்சிகளைக் கொட்ட வேண்டும். மோட்டார் அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக நெருப்புக்குத் தள்ளும். காற்றாடி ஊதும். அந்தப் புகையில் கறி ஐந்தாறு மணி நேரம் மெதுவாக வேகும். தாலுகா ஆபீஸில் ஃபைல் படித்த பழக்கத்தில், கூட வந்த இங்கிலீஷ் புத்தகத்தை நீங்கள் இரண்டு தரம் படித்துப் பென்சிலால் கோடும் போட்டீர்கள். நான் அதைத் தொடவில்லை. காமயகவுண்டன்பட்டித் திராட்சைத் தோட்டத்து மோட்டார்களுக்கு யாரும் சொல்லித் தராமலே செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டியவன் நான்.

அந்த ஊர்க் கரண்டு வேறு, நம் ஊர்க் கரண்டு வேறு. நேராகச் சொருகினால் அடுப்பு கருகிவிடும். புத்தகம் ‘சொருகாதே’ என்றதோடு நின்றுவிட்டது. நம் கரண்டைக் குறைத்துத் தரும் டிரான்ஸ்பார்மர் செய்து கொடுத்தது நான். அது இன்றுவரை சூடேறாமல் ஓடுகிறது. யாரும் இதைச் சொல்வதில்லை என்பதால் நானே எழுதுகிறேன்.

“முதல்ல கறி வைக்காம முக்கா மணி நேரம் சும்மா எரியவிடணும் மச்சான். அப்பத்தான் உள்ள இருக்கிற ஆயில் வாடை போகும்” என்றீர்கள்.

“வெறுஞ்சட்டிய எவனாச்சும் அடுப்புல வைப்பானா?”

“புத்தகத்துல போட்டிருக்கு.”

“புத்தகமா கறி திங்கப் போகுது?”

கடைசியில் எரியவிட்டோம். காற்றாடி சுற்றியதைப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. நாலு நாள், தெருவில் போனவர்களையெல்லாம் கூப்பிட்டு டிரான்ஸ்பார்மரைக் காட்டினேன். ஓடினால்தானே நம்புவார்கள். குச்சி தீர்ந்துவிடும் என்று நீங்கள் சொன்னீர்கள். நான் கேட்கவில்லை.

அந்த வாரம்தான் உங்கள் மகளுக்கு மறுவீட்டு விருந்து. சம்பந்தி வீட்டார் பழனிசெட்டிபட்டியிலிருந்து வேன் பிடித்து வந்தார்கள். கல்யாணச் சாப்பாடு சரியில்லை என்று அவர்கள் அதற்குள் ஒரு குறை சொல்லியிருந்தார்கள். இதிலும் குறை வந்தால் போகிற வீட்டில் பேச்சு வாங்கப்போவது அந்தப் பிள்ளை. அதற்காகவே நீங்கள் இரண்டு தொடைக்கு நீங்களே மசாலா தடவி, காலை ஏழு மணிக்கு அடுப்பில் வைத்தீர்கள். வேன் வந்ததும், “மூடியத் தொறந்துராதீக மச்சான்” என்று சொல்லிவிட்டு வாசலுக்குப் போனீர்கள்.

நான் மூடியைத் திறக்கவில்லை. ஆனால் குச்சிப் பெட்டி காலியாகிக்கொண்டிருந்தது. நெருப்பு அணைந்தால் என் டிரான்ஸ்பார்மரைத்தான் குறை சொல்வார்கள். தொழுவத்தில் தீவன மூட்டை இருந்தது. அதே பருமன், அதே நிறம். இரண்டு படி அள்ளிக் கொட்டினேன். நெருப்பு அணையவில்லை. இதைக் கவனிக்க வேண்டும்.

அன்றைக்கென்று கரண்டும் போகவில்லை. போயிருந்தால் பழியை அதன் தலையில் போட்டிருக்கலாம்.

பந்தியில் சம்பந்தி ஒரு துண்டை மென்றார், நிறுத்தினார். “என்ன சம்பந்தி, ஆடு உசுரோட இருக்கையில தின்னதெல்லாம் கறியில தெரியுது?”

பரிமாறிக்கொண்டிருந்த உங்கள் மகள் கரண்டியோடு அப்படியே நின்றாள். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். என் சட்டையெல்லாம் தீவனத் தூள்.

“நாந்தான் சம்பந்தி. மரக்குச்சின்னு நெனச்சு மாட்டுத் தீவனத்தக் கொட்டிட்டேன். கண்ணாடி போடாமப் போயிட்டேன்” என்றீர்கள்.

கண்ணாடி உங்கள் மூக்கில்தான் இருந்தது.

சம்பந்தி இலையை விட்டுச் சரிந்து சிரித்தார். குறை சொல்ல வந்த மனிதர் குழம்பை மூன்று தரம் கேட்டு வாங்கினார். அந்தப் பிள்ளையை யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. உங்களுக்குத்தான் ‘புண்ணாக்குச் சம்பந்தி’ என்று பெயர் வந்தது. வீரபாண்டித் திருவிழாக் கூட்டத்திலும் அவர் அப்படியே கூப்பிட்டார். நீங்கள் திரும்பிப் பார்த்துக் கையை ஆட்டினீர்கள்.

ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று அன்று சாயந்திரம் கேட்டேன்.

“உங்களச் சொன்னா நீங்க சண்டைக்குப் போவீக மச்சான். எனக்குன்னா சிரிச்சுக்கிருவேன்.”

நான் சண்டைக்குப் போகிறவன் இல்லை என்று ஒரு மணி நேரம் உங்களோடு சண்டை போட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் பேரனுக்குக் காது குத்து. மகன் புதிதாக மரக்குச்சி அனுப்பியிருந்தான். அதே அடுப்பு, அதே டிரான்ஸ்பார்மர். பந்தியில் சம்பந்தி அந்தப் பெயரைச் சொல்லிச் சிரிக்க ஆரம்பித்தார். இல்லாத மனிதரைச் சொல்லிச் சிரிப்பது எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்றேன்.

“அன்னைக்குத் தீவனத்தக் கொட்டுனது நாந்தான். அவரு இல்ல.”

சம்பந்தி எச்சில் கையோடு எழுந்து வந்து என் தோளில் சாய்ந்தார். “போனவுகளுக்காகப் பழியத் தன் தலையில போட்டுக்கிற மச்சான் யாருக்கு வாய்க்கும்?” என்றார். நான் மறுத்தேன். மறுக்க மறுக்க என் பெருமை ஏறிக்கொண்டே போனது. என் தங்கை, உங்கள் வீட்டுக்காரி, கண்ணைத் துடைத்துக்கொண்டு என் இலையில் இன்னும் இரண்டு துண்டு வைத்தாள். டிரான்ஸ்பார்மரைப் பற்றி அப்போதும் ஒருவர் கேட்கவில்லை.

ஆக உங்கள் பழி உங்களிடமே இருக்கிறது. எனக்குச் சேராத நல்ல பெயரை நான் சுமக்கிறேன். மூக்கில் கண்ணாடியோடு கண்ணாடி போடவில்லை என்றீர்கள், ஊரே நம்பியது. நான் உண்மையைச் சொன்னேன், ஒருவரும் நம்பவில்லை.

நெருப்பு மட்டும் அணையவில்லை மாப்பிள்ளை. நீங்களாவது இதை நம்புங்கள்.