ஈயம் போன குண்டான்

அக்டோபர் 1976, வெள்ளி இரவு

மகள் இன்னும் கண் திறக்கவில்லை. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் கையில் குளுக்கோஸ் ஏறுகிறது. ஜமீலா கூட இருக்கிறாள். பிள்ளைகள் வார்டில் ஆண்கள் தங்கக் கூடாதென்று என்னை அனுப்பிவிட்டார்கள்.

புதன்கிழமை ஜமீலா தாய்வீடு போயிருந்தாள். வருவதற்குள் அடுப்படியைச் சுத்தமாக்கி வைக்கலாம் என்று எனக்கு ஓர் ஆசை. மேடையைக் கழுவினேன், ஸ்டவ்வைத் துடைத்தேன். பித்தளைக் குண்டானுக்குள் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. அழுக்கென்று நினைத்து, புளியும் செங்கல் பொடியும் போட்டு, மஞ்சள் தெரியும்வரை தேய்த்தேன். அது ஈயப்பூச்சு. ஜவுளிக்கடையில் துணி கிழிக்கிறவனுக்கு எதற்கு இந்த வேலை?

நேற்று இரவு கரண்ட் இல்லை. சிம்னி விளக்கு வெளிச்சத்தில் ஜமீலா மீன்குழம்பை அந்தக் குண்டானில் ஊற்றி மூடிவைத்தாள். காலையில் முதலில் சாப்பிட்டது குழந்தைதான். கொஞ்ச நேரத்தில் வாந்தி எடுக்க ஆரம்பித்தாள். குண்டானுக்குள் எட்டிப் பார்த்த ஜமீலா, அதையும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"ஈயம் இல்லாத பித்தளைல புளி ஊத்துன கொழம்பு வெக்கலாமா? வெஷமாயிடும்ல? யாரு இப்படி தேச்சது?" என்று டாக்டர் கேட்டார்.

ஜமீலா என் பக்கம் திரும்பவில்லை. "நாந்தான் சார். தெரியாம தேச்சிட்டேன்."

"நீயெல்லாம் இன்னாம்மா பொம்பள" என்றாள் ஆயா.

நான் குண்டானை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன்.

கிளம்பும்போது வராந்தாவில் கேட்டேன். "ஏன் அப்படிச் சொன்ன?"

"கொழந்த மொதல்ல எழுந்துக்கட்டும். அப்பறம் உங்ககிட்ட பேசிக்கிறேன்."

எழுந்திருக்காவிட்டால் அவள் என்னிடம் பேசவே மாட்டாள்.