தூசியின் மேல் போட்ட பழி

என் அன்பு நைனாவுக்கு,

நீ எங்களை விட்டுப் போன பிறகுதான் உன் இரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. வாங்கப் போனது நான். நான்கு பேர் இருந்தால் பெயரைச் சொல்லவே தயங்குவேன் இல்லையா, அன்று டாக்டரம்மாவிடம் மூன்று கேள்வி கேட்டேன். நான் பேசாமல் நின்றால் "இன்னாம்மா, வாய வாடகைக்கு உட்டுட்டியா?" என்று கிண்டல் செய்வாயே, நீ பார்த்திருக்க வேண்டும்.

தூசி இல்லை நைனா. கும்மிடிப்பூண்டியில் நீ வேலை செய்த இரும்புக் கம்பெனியின் தூசிதான் உன் நெஞ்சைக் கெடுத்தது என்று எல்லோரும் நம்பினோம். அதற்காகவே வேலையை விட்டாய். பொன்னேரிக்கு வீடு மாறினோம். இங்கும் உனக்கு நிமோனியா மறுபடி மறுபடி வந்தது. ஆஸ்பத்திரியில் உன் பக்கத்தில் இருக்க ஆள் வேண்டுமென்று ஒன்பதாவதோடு நான் பள்ளியை விட்டேன்.

டாக்டரம்மா ஒரு சீட்டின் பின்பக்கம் படம் போட்டுக் காட்டினார். இரத்தத்தில் கிருமியை எதிர்க்க பி செல் என்று ஒன்று. கிருமி அதைத் தொட்டால் உள்ளே சேதி போகும். அந்தச் சேதியை எவ்வளவு கேட்பது, எந்த மரபணுவை எழுப்புவது, எதைத் தூங்க விடுவது என்று முடிவு செய்யும் புரதங்கள் உள்ளே இருக்கின்றன. படியெடுத்தல் காரணி என்று பெயராம். அதில் ஒன்று உனக்குப் பிறவியிலேயே பாதி அளவுதான் இருந்தது. அதனால் பி செல்லே சரியாக வளரவில்லை. உனக்குத் தடுப்பூசி போட்டுப் பார்த்தார்களே, உன் உடம்பு அதற்கும் பதில் சொல்லவில்லை.

கம்பெனியில் சங்கு ஊதினாலும், யார் எந்த மிஷினில் நிற்பது என்று சொல்ல சூப்பர்வைசர் வராவிட்டால் வேலை நடக்காது என்பாய். அப்படித்தான் நான் புரிந்துகொண்டேன்.

அம்மா இன்னும் தூசி வராமல் ஜன்னலில் ஈரத்துணி கட்டுகிறாள். "வயல்ல நின்னுக்கினு இருந்த மனுசன நான்தான் கம்பெனிக்குத் தொரத்துனேன். நானே கொன்னுட்டேன்" என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் அழுகிறாள். "உடு. நாஷ்டா துன்னியா நீ?" என்று அக்கா பேச்சை மாற்றுகிறாள்.

ஒரே வார்த்தையில் அம்மாவை விடுவிக்கலாம். ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். என் இருமலைக் கேட்ட டாக்டரம்மா அன்றே என் இரத்தத்தையும் எடுத்தார். போன வாரம் முடிவு வந்தது.

"அப்பாவுக்கு இருந்ததுதாம்மா."

"சரியாயிடுமா?"

"மாசாமாசம் மருந்து ஏத்தலாம். குறை போகாது."

மருந்து ஏற்றினாலும் எத்தனை காலம் இருப்பேன் என்று நான் கேட்கவில்லை. உன் மேல் கோபம் இல்லை நைனா. உன் மூக்கும் எனக்குத்தானே வந்தது.

உன் பாதியை மட்டும் சொல்லலாமா என்று யோசித்தேன். பிறவிக் குறை என்றதும் அம்மா என்னைத்தான் திரும்பிப் பார்ப்பாள். நான் பொய் சொல்வதற்குள் இருமல் வந்துவிடும். ஒரு பாரத்தை இறக்கி இன்னொன்றை ஏற்றுவதற்கா நான் வாய் திறக்கக் கற்றுக்கொண்டேன்?

ஆனாலும் அவள் உன்னைக் கொல்லவில்லை. அது அவளுக்குத் தெரிய வேண்டும். நாளைக் காலை அம்மா துணியை நனைக்கும்போது அதைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, முதலில் உன்னுடையதைச் சொல்வேன். பிறகு என்னுடையதை. இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன் மூக்கோடும் உன் இருமலோடும்,
உன் மகள்