சீப்பு தொடாத இடம்

8 டிசம்பர் 2024
சீப்பில் மறுபடியும் ரத்தம். வலது காதுக்கு மேலே இருக்கிற பெரிய கட்டிதான். தலையில் மொத்தம் ஐந்து. இருபது வருஷமாக முக்காட்டுக்குள் வைத்து வளர்த்திருக்கிறேன். மஸ்கட்டில் இருக்கிற என் வீட்டுக்காரருக்குக்கூட முழுதாகத் தெரியாது. அலுப்பாக இருக்கிறது.

12 டிசம்பர்
மகள் ஹஃப்ஸாவுக்கு நிக்காஹ் புடவை பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு, தஞ்சாவூரில் தோல் டாக்டரைப் பார்த்தேன். கொழுப்புக் கட்டி என்றேன். கொழுப்பே இல்லையாம், மயிர்க்காலின் தோல் உள்ளே பை மாதிரி திரண்டு நிற்கிறதாம். பெரியது மட்டும் வழக்கமான மாதிரி இல்லை, சீக்கிரம் எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்ப வேண்டும் என்றார். என் அம்மாவுக்கு இருந்ததா என்று கேட்டார். இருந்தது.

"அப்ப உங்க பிள்ளைங்களுக்கும் வரலாம்ங்க."

கல்யாணம் முடியட்டும் என்று கீழ்வேளூர் பஸ் ஏறிவிட்டேன். தலையை மழித்துத் தையல் போட்டால் சம்பந்தி வீட்டில் கேட்க மாட்டார்களா? பரம்பரை வியாதி என்று யாராவது வாய் திறந்தால் போதும், நிக்காஹ் நின்றுவிடும். புடவை வாங்காமல் வந்ததற்குத் தனியாக ஒரு பொய்.

29 டிசம்பர்
வலது பக்கம் படுக்க முடியவில்லை.

14 ஜனவரி 2025
ஹஃப்ஸா தலை துவட்டும்போது விரல் ஒரே இடத்துக்குப் போய்ப் போய் வந்தது. உட்காரவைத்துத் தடவினேன். பட்டாணி அளவு.

"ஒரு வருஷமா இருக்கும்மா. நீ பயப்படுவேன்னு சொல்லல."

மறைக்கிறதை என்னிடம்தானே கற்றாள் — யாரை நொந்துகொள்ள? அழக்கூடத் தெம்பில்லை.

7 பிப்ரவரி
நாளை மருதாணி. மாப்பிள்ளையின் அம்மா ஹலீமா பெண்ணுக்கு எண்ணெய் வைத்துத் தலைவாரிப் பூ வைப்பாராம். நானே வாரிவிடுகிறேன் என்று போனில் சொல்லிப் பார்த்தேன். அவர்கள் வீட்டு வழக்கமாம், விடமாட்டேன் என்று சிரிக்கிறார்.

8 பிப்ரவரி
ஹலீமாவின் விரல் அந்த இடத்தில் நின்றது. ஹஃப்ஸா குனிந்தபடியே சொல்லிவிட்டாள்: "கட்டி மாமி. அம்மாவுக்கும் இருக்கு."

இருபது வருஷம் காப்பாற்றியது ஒரு நொடியில் போயிற்று.

"வலிக்குதாம்மா?" என்று மட்டும் கேட்டார் ஹலீமா. பிறகு அந்த இடத்தில் மட்டும் சீப்பைத் தூக்கித் தூக்கி வாரினார். பூ வைத்து முடித்த பிறகுதான் என் பக்கம் திரும்பினார். "கல்யாணத்துக்காகவா டாக்டர்ட்ட போகாம இருக்கீங்க?"

அடுப்படிக்குப் போய்விட்டேன்.

9 பிப்ரவரி
நிக்காஹ் முடிந்தது. அல்ஹம்துலில்லாஹ். கால் வலி.

19 பிப்ரவரி
என் பெரிய கட்டியை எடுத்தாயிற்று. ஒன்பது தையல். தஞ்சாவூருக்குக் கூட்டிப்போய் உடன் இருந்தது ஹலீமாதான்.

5 மார்ச்
நோன்பு நான்காம் நாள். ரிசல்ட் வந்தது. கெட்ட கட்டி இல்லையாம். ஆனாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்ட வேண்டுமாம். சந்தோஷப்படவும் களைப்பாக இருக்கிறது.

அஸர் தொழுகைக்குப் பிறகு ஹலீமா வந்தார். தையல் பிரித்த இடத்தில் முடி முள்முள்ளாக நிற்கிறது, பார்க்க நன்றாக இல்லை. சீப்பை எடுத்துக்கொண்டு எனக்குப் பின்னால் உட்கார்ந்தார். வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தேன்.

முக்காட்டை எடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.